பேட்டரி இல்லாத கேஸ் சென்சார் வயலுக்கு ஆகுமா?

நீடாமங்கலத்தான்:
சம்பா வயல்ல மீத்தேன் எவ்வளவு கிளம்புதுன்னு பார்க்க, எம்க்யூ-4ங்கிற மீத்தேன் சென்சாரை மூங்கில் குச்சியில கட்டி வரப்போரம் நட்டேன். ஒரே ஒரு 18650 லித்தியம் செல். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆன் பண்ணினா, விடியக்காலை அப்பா தண்ணி பார்க்கப் போறப்ப சிவப்பு லைட்டு செத்துக் கிடக்கு. "இதுக்கு அரிக்கேன் விளக்கே தேவலாம்"ங்கிறார். மாலிப்டினம் டைசல்பைடு மாதிரி இரு பரிமாணப் பொருள்ல (சில அணு கனமே உள்ள மெல்லிசுத் தகடு), தானே மின்சாரம் எடுத்துக்கிற சென்சார் செய்றாங்கன்னு படிச்சேன். நமக்கு உதவுமா?

லேப்_அக்கா:
செல் மேல குத்தமில்லை தம்பி. எம்க்யூவுக்குள்ள வாயுவை உணர்ற டின் ஆக்சைடைச் சுட வைக்க ஹீட்டர் இருக்கு. 5 வோல்ட்டுல கிட்டத்தட்ட 150 மில்லிஆம்ப். ராத்திரி பூரா அடுப்பெரியுது.

மாலிப்டினம் டைசல்பைடு ஓரடுக்கு 0.65 நானோமீட்டர்தான். உள்பக்கம்னே ஒண்ணு கிடையாது, அத்தனையும் மேற்பரப்பு. அதனால சுட வைக்காமலே வாயு ஒட்டினா கரண்ட் மாறும். அம்மோனியா எலக்ட்ரான் குடுக்கும், நைட்ரஜன் டையாக்சைடு பிடுங்கும். மாலிப்டினம் டைசல்பைடோட டங்ஸ்டன் டைசெலினைடைச் சேர்த்து அடுக்கினா பி-என் சந்தி, அதாவது சோலார் செல்லுக்குள்ள இருக்கிற மாதிரி ரெண்டு வகைக் குறைகடத்தி சேர்ற இடம். வெளிச்சம் பட்டா சோலார் செல் மாதிரி கரண்ட் வரும், வாயு பட்டா அந்தக் கரண்ட் மாறும். "தானே இயங்குறது" இவ்வளவுதான். ராத்திரி தூங்கிடும். அளவை அனுப்புற வைஃபை போர்டுக்கு எப்படியும் செல் வேணும்.

மீத்தேனுக்கோ எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலே கிடையாது. அதைப் பிடிக்கிறது கஷ்டம்.

வெண்ணாத்தங்கரை:
வரப்புல நட்டா என்னத்தைக் காட்டும்? சாதாரணக் காத்துல மீத்தேன் 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) கூட இல்லை. எம்க்யூ-4 சில நூறு பிபிஎம் இருந்தாத்தான் அசையும். வயல்ல பெரும்பகுதி நெல்லுத் தண்டு வழியாத்தான் வெளிய வருது. நாலு குத்தை மூடுற மாதிரி பெட்டியைக் கவிழ்த்து, ஊசியால காத்தை உறிஞ்சித்தான் அளப்பாங்க. மார்கழிப் பனி ஈரம் வேற. இந்த மெல்லிசுப் பொருளெல்லாம் ஈரத்தையும் கேஸ்னு நினைச்சுக்கும்.

நீடாமங்கலத்தான்:
ரெண்டு வாரம் பனியைத்தான் அளந்திருக்கேன் போல. சரி, அடுத்த வாரம் யூரியா மேலுரம். அம்மோனியாவுக்கு எம்க்யூ-137 போட்டா?

லேப்_அக்கா:
அதுவும் அடுப்புதான். ஆனா பகல்ல மட்டும் ஓட்டினாப் போதும். வெயில் ஏறினா பாசி தண்ணியோட பிஎச்சை (காரத்தன்மையை) ஏத்திவிடும், அம்மோனியா அப்பத்தான் அதிகமாப் பறக்கும். வெளிச்சத்துல வேலை செய்ற அந்தச் சென்சாருக்குத் தோதான கேஸ் இதுதான், கடைக்கு வந்தா.

நீடாமங்கலத்தான்:
அதுவரைக்கும் ஒரு சின்ன சோலார் பலகை. அப்பாகிட்ட அரிக்கேன் விளக்குன்னு சொல்லித்தான் காசு கேட்கணும்.