ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: டவுன்டவுனில் இறங்கி நடங்கள்

அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய சேண்ட்லர், கில்பர்ட் பக்கம் வேலைக்கு வந்து இறங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்பது: "வெயில், ஃப்ரீவே, காஸ்ட்கோ... இதைத் தவிர இந்த ஊர்ல என்ன இருக்கு?" காரில் உட்கார்ந்தே பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஃபீனிக்ஸின் கலை இருப்பது சந்துச் சுவர்களில், பழைய கிடங்குகளுக்குள், சின்னச் சின்ன வீடுகளில். அதைப் பார்க்க நடக்க வேண்டும். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

முதலில் விலாசக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் அவென்யூவுக்குக் கிழக்கே எண் போட்டு வருவதெல்லாம் ஸ்ட்ரீட், மேற்கே வருவதெல்லாம் அவென்யூ. 7வது ஸ்ட்ரீட்டும் 7வது அவென்யூவும் வேறு வேறு, நடுவே ஒரு மைல் தூரம். இந்த இரண்டு சாலைகளிலும் நடு லேன் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை தெற்கு நோக்கியும், மாலை 4 முதல் 6 வரை வடக்கு நோக்கியும் ஓடும். பழக்கம் இல்லாதவர்கள் அந்த நேரத்தில் அந்த லேன் பக்கமே போகாதீர்கள். சிக்னலில் இடதுபக்கம் திரும்பவும் பல இடங்களில் விட மாட்டார்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் லைட் ரெயில் இருக்கிறது. டெம்பி-மேசா எல்லையில் 101 ஃப்ரீவேயை ஒட்டிய பார்க்-அண்ட்-ரைடில் காரை இலவசமாக நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். டவுன்டவுனில் இறங்கி வடக்கே போகும் ரயிலுக்கு மாறினால் கேலரிகள் நிறைந்த ரூஸ்வெல்ட் ரோ பகுதிக்கான ரூஸ்வெல்ட் ஸ்டேஷன் வந்துவிடும். ஆனால் நேராக அங்கே போய்விடாதீர்கள். முதலில் சிவிக் ஸ்பேஸ் பார்க்.

அந்தப் பூங்காவில் தலைக்கு மேலே பிரம்மாண்டமான ஒரு வலை தொங்குகிறது. ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கச் சிற்பி 2009-ல் செய்தது, உயரம் 145 அடி. இந்த வலையின் கதை நம் மாமல்லபுரத்தில் தொடங்குகிறது. 1997-ல் ஓவியம் வரையவும் சொல்லித்தரவும் அவர் அங்கே போயிருந்தார். அனுப்பிவைத்த வண்ணங்கள் வந்து சேரவில்லை. கண்காட்சி தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. சிற்பத்துக்குப் பேர்போன ஊராயிற்றே என்று உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து வெண்கலத்தில் வேலை செய்து பார்த்தார். கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் கடற்கரையில் மீனவர்கள் வலையைச் சுருட்டிக் குவிப்பதைப் பார்த்திருக்கிறார். எடையே இல்லாமல் இவ்வளவு பெரிய உருவம் கிடைக்கிறதே என்று அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். அங்கே பிறந்த யோசனைதான் இன்று அரிசோனா வானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பகலில் வலையின் நிழல் தரையில் விழுந்து நகரும். இருட்டியதும் விளக்கு போடுவார்கள். பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறும். புல்லில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். காற்று வீசும்போது நடுவிலிருக்கும் புனல் முதலில் அசையும், விளிம்பு பின்னாலேயே வரும்.

அப்புறம் ரூஸ்வெல்ட் ரோ. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 'ஃபர்ஸ்ட் ஃப்ரைடே'. ஆறு மணி வாக்கில் தொடங்கும். கேலரிகள் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. தெருவோரம் கடைகள், பாட்டு, ஃபுட் டிரக்குகள் என்று கூட்டம் நெரியும். ஒரு காலத்தில் இது காலிமனைகளும் பூட்டிய வீடுகளுமாகக் கிடந்த பகுதி. வாடகை குறைவு என்று கலைஞர்கள் வந்தார்கள். கிம்பர் லானிங் என்பவர் 1999-ல் மாடிஃபைட் ஆர்ட்ஸ் என்ற கலைக்கூடத்தைத் தொடங்கியது இங்கேதான். அவர்கள் தெருவுக்கு உயிர் கொடுத்த பிறகு அடுக்குமாடிகள் வந்தன, வாடகை ஏறியது, பலர் இடம் மாறவேண்டி வந்தது. அதனால் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காதீர்கள். பத்து, இருபது டாலருக்குச் சின்ன பிரிண்ட் ஏதாவது கிடைக்கும், வாங்குங்கள். செய்தவரே எதிரில் நிற்பார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் ஒத்துவராது என்பவர்களுக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை நல்லது, நின்று நிதானமாகப் பேசலாம்.

கிராண்ட் அவென்யூ இன்னும் அமைதி. கட்டம் கட்டமாகப் போட்ட ஊரில் குறுக்கே சாய்வாக ஓடும் பெரிய சாலை இது. 'பை' (pie) என்ற தின்பண்டம் செய்த பழைய தொழிற்சாலை ஒன்று இப்போது கலைக்கூடம்.

16வது ஸ்ட்ரீட்டைத் தவறவிடாதீர்கள். ஸ்பானிஷில் 'கயே 16' என்பார்கள். 2010-ல் அரிசோனா எஸ்பி 1070 சட்டம் கொண்டுவந்தது. காவலர் நிறுத்தும் ஒருவரிடம் சட்டப்படி இங்கே இருப்பவர்தானா என்ற சந்தேகம் வந்தால், அவருடைய குடியேற்ற நிலையையும் விசாரிக்க வேண்டும் என்றது அது. அதற்குப் பதிலடியாக, பாரியோ கஃபே என்ற உணவகத்தை நடத்திய சமையல் கலைஞர் சில்வானா சால்சிடோ எஸ்பார்சா ஓவியர்களைக் கூட்டி இந்தத் தெருச் சுவர்களில் மெக்சிக வாழ்க்கையை வரைய வைத்தார். விசாவில் வந்திருக்கும் நமக்கு அந்தச் சுவர்களின் அர்த்தம் சட்டென்று புரியும். குளிர்கால ஞாயிறு காலையில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது போங்கள்.

இந்த மண்ணுக்கு முதலில் உரியவர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1929-ல் தொடங்கிய ஹெர்ட் மியூசியம் பூர்வகுடிகளின் கலைக்கானது. பிப்ரவரியில் அங்கே நடக்கும் வளைய நடனப் போட்டிக்குக் குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அங்கிருந்து கொஞ்சம் காரில் போனால் 7வது அவென்யூவில் ஃப்ரை பிரெட் ஹவுஸ், தொஹோனோ ஓ'தம் பழங்குடிக் குடும்பம் தொடங்கிய கடை. ஃப்ரை பிரெட் தட்டு அகலத்துக்கு உப்பிய பூரி மாதிரி சூடாக வரும், பீன்ஸ் வைத்துத் தருவார்கள். நிலத்தை விட்டு விரட்டப்பட்ட பழங்குடிகள், அரசு ரேஷனாகக் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் செய்த உணவு அது. சைவம் சாப்பிடுபவர்கள் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எப்போது போவது? அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பதாக இருந்தாலும் அந்த மாதங்களில் டிக்கெட் போடுங்கள். கோடையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. சூரியன் இறங்கிய பிறகும் தரை கொதிக்கும், செருப்பில்லாமல் குழந்தையைக் கீழே விடக்கூடாது. ஜூன் பாதியிலிருந்து மான்சூன். புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் விளக்கைப் பார்த்துப் பின்னால் வருபவர், நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து மோதிவிடக்கூடும்.

கோடை மாதங்களுக்கு ஃபீனிக்ஸ் ஆர்ட் மியூசியம் இருக்கிறது. புதன்கிழமை பிற்பகலில் முடிந்த தொகையைக் கொடுத்து உள்ளே போகலாம், நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் மின்மினி அறை உண்டு. கும்மிருட்டு, நாலா பக்கமும் கண்ணாடி, நூற்றுக்கணக்கில் சின்ன விளக்குகள். வழி எது கண்ணாடி எது என்று தெரியாது. கையை முன்னால் நீட்டியபடி மெதுவாக நடங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.