14 கிலோ பையுடன் 16 கி.மீ., விரல்கள் மரத்துப் போகின்றன. மே மாதம் ஸ்காட்லாந்து. உதவி தேவை

பாசிர் ரிஸ் செல்வி

வணக்கம். நானும் தங்கையும் வரும் மே மாதம் ஸ்காட்லாந்தில் வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடும்பாதையை நடக்கப் போகிறோம். மில்ங்கேவியில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ., இரவெல்லாம் கூடாரத்தில். எனக்கு 43 வயது. வீட்டை முதுகில் சுமந்து இதுவரை நடந்ததே இல்லை.

அதனால் போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஓர் ஒத்திகை. சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்பி, சாங்கி கடற்கரைச் சாலை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை நடந்தோம். கைபேசிக் கணக்கில் 16 கி.மீ. இரவு அங்கேயே கூடாரம் (அனுமதி வாங்கித்தான்). அந்த நேர்ச் சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், நிழல் என்ற பேச்சே இல்லை. ஆனால் என் பிரச்சினை வெயில் இல்லை.

ஒன்பதாவது கி.மீ. அளவில் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயின. பையை இறக்கினால் பத்து நிமிடத்தில் சரியாகிறது, மாட்டினால் திரும்ப வருகிறது. தோளில் சிவப்புத் தடம். வலது குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். போதாக்குறைக்கு இரவில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். மழை பெய்யவில்லை!

பை 60 லிட்டர், நிறுத்துப் பார்த்தது 14.2 கிலோ. அங்கே முதல் நாளே பால்மஹா வரை போய் லோமண்ட் ஏரிக்கரையில் கூடாரம் போடுவதாகத் திட்டம். உடம்புக்குப் பலம் போதவில்லையா, வேறு ஏதாவது தவறா?

பழைய சார்ஜன்ட்

பலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நடக்கும்போது இடுப்புப் பட்டை எங்கே உட்கார்ந்திருந்தது? அந்தப் பை யாருடையது?

பாசிர் ரிஸ் செல்வி

தம்பியுடையது. அவன் ஆறடி. பட்டை… உண்மையைச் சொன்னால் இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் தொங்கியது. நடக்க இடைஞ்சலாக இருந்ததால் தளர்த்தி விட்டுவிட்டேன்.

பழைய சார்ஜன்ட்

அதுதான் விஷயம். 14 கிலோவும் தோளில் தொங்கியிருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து தோள் வழியாகத்தான் இறங்குகின்றன. தோள்வார் அந்த இடத்தை மணிக்கணக்கில் அமுக்கினால் விரல் மரக்கும். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) பை சுமந்து 24 கி.மீ. ரூட் மார்ச் முடிந்து கையை உதறிக்கொண்டு நின்ற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைக்கும். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எலும்பின் மேல்விளிம்பைக் கட்டைவிரலால் தேடுங்கள். இரண்டு கட்டைவிரலும் முதுகில் நேராக வரும் இடத்திலிருந்து அந்தக் கழுத்தெலும்பு வரை தங்கையை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். பையின் பின்புறத் திண்டுக்குப் பின்னால் ஒட்டுப்பட்டையோ ஏணி மாதிரி கண்ணிகளோ இருக்கும். தோள்வாரை அந்த நீளத்துக்கு இறக்கி வையுங்கள்.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் மேல் ஏறி உட்காரும்படி இறுக்க வேண்டும். அப்புறம் தோள்வார், தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கடைசியாகத் தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வாரை லேசாக இழுங்கள். சரியாக அமைந்தால் தோள்வாருக்கு அடியில் விரலைச் சுலபமாக நுழைக்கலாம்.

பையை இறக்கிய பிறகும் மரப்பு போகாவிட்டாலோ, கையில் பிடிப்பு குறைந்தாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதில் வீரம் வேண்டாம்.

யீஷூன் நடையன்

அக்கா, பைக்குள் என்ன இருந்தது என்று பட்டியல் போடுங்களேன். 14 கிலோ எனக்கு இடிக்கிறது.

பாசிர் ரிஸ் செல்வி

தண்ணீர் 3 லிட்டர், அரிசி 1 கிலோ, ஜீன்ஸ் இரண்டு, குளியல் துண்டு, மடக்கு நாற்காலி, சாம்பார்ப் பொடி, கண்ணாடிப் புட்டியில் மாங்காய்த் தொக்கு. சிரிக்காதீர்கள்.

யீஷூன் நடையன்

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஜீன்ஸ், துண்டு, நாற்காலி மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிரும். தண்ணீர் சாங்கியில் 3 லிட்டர் சரி, அங்கே ஒன்றரை போதும். வழியெல்லாம் ஓடை உண்டு, ஆடு மாடு மேயும் இடம் என்பதால் வடிகட்டி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள், தூக்கப் பையை (ஸ்லீப்பிங் பேக்) அடியில். அரிசி என்னைக் கேட்டால் தண்டனைதான்: கொதிக்க நேரம், எரிவாயுவும் வீண்.

எரிவாயு என்றதும் ஞாபகம் வருகிறது. டப்பாவை விமானத்தில் கொண்டு போகவே முடியாது, கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது. கிளாஸ்கோவில் இறங்கி வாங்குங்கள். நம் ஊரில் ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிடுவது) அடுப்புக்குப் போடும் நீள டப்பா வேறு, மலையேறிகள் திருகி மாட்டும் குட்டை டப்பா வேறு. உங்கள் அடுப்பு எந்த வகை என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம்: பருத்திக் காலுறைதானே? கம்பளி கலந்ததற்கு மாறுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்ட வேண்டும். 'அடுத்த கொட்டகை வரட்டும்' என்று நடந்தால் கொப்புளம்தான்.

மழைக்கோட்டு

நான் அந்தப் பாதையை ஒரு மே மாதம் நடந்தவள். முதல் நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஊரின் பெயரை எழுத்துப்படி சொல்லி டிக்கெட் கேட்காதீர்கள். அவர்கள் 'மல்கை' என்பார்கள். பாதை ஊர் நடுவிலேயே ஒரு கல்தூணில் தொடங்குகிறது. டிரிம்மன் (டிரைமன் என்று வாசிக்க வரும்) வரை 19 கி.மீ. முதலில் மக்டாக் காடு, அப்புறம் பிளேன் பள்ளத்தாக்கின் பழைய ரயில் தடம். நம் ரயில் காரிடாரில் 2011-ல் ரயில் நின்றது மாதிரி அங்கும் தண்டவாளம் போய் நடைபாதை வந்திருக்கிறது. தட்டையான, இதமான நடை. அதனாலேயே எல்லோரும் முதல் நாள் அளவுக்கு மீறிப் போகிறார்கள். பால்மஹா வரை என்றால் 30 கி.மீ.க்கு மேல், அதுவும் கடைசியில் கோனிக் ஹில். 361 மீட்டர். நம் புக்கித் தீமா குன்று 164. 16 கி.மீ.யில் கை மரத்தவர் அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, ஏரிக்கரை. ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி திறந்த வெளியில் கூடாரம் போட உரிமை உண்டு, இங்கிலாந்து மாதிரி இல்லை. ஆனால் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த எல்லை கரையோர ரோவர்டென்னன் என்ற இடத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் முடிகிறது. முதல் நாள் வழியில் பெரும்பாலும் பண்ணை நிலம். பயிர் உள்ள வயலுக்கும் வீட்டை ஒட்டிய இடத்துக்கும் அந்த உரிமை செல்லாது. ஆகவே முதல் இரவு டிரிம்மனுக்கு அருகில் கட்டண முகாம், இரண்டாம் இரவு ஏரிக்கரையில் சீட்டுடன், மூன்றாம் இரவு நிஜக் காட்டு முகாம். அங்கே கழிப்புக்கு ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்.

கூடார ஈரம் உங்கள் மூச்சும் வியர்வையும்தான். கொசுவுக்குப் பயந்து வெளித்துணியை அடியோடு மூடியிருப்பீர்கள். கொசுவலையை மூடுங்கள், காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். அங்கேயும் மிட்ஜ் என்று பொடிப்பூச்சி மே மாதக் கடைசியில் கிளம்பும், அதே வழிதான். ஓடையோரப் பள்ளத்தில் போடாமல் சற்று மேட்டில் போட்டால் ஈரமும் குறையும், பூச்சியும் குறையும்.

தூக்கப் பையைச் சோதிக்க ஏர்கானை 16-ல் வைத்துப் படுத்துப் பாருங்கள். அங்கே இரவு 5 டிகிரிக்கு இறங்கும்.

பாசிர் ரிஸ் செல்வி

பத்து நாள் கழித்து வருகிறேன். முதுகு நீளம் 42 செ.மீ. வந்தது, பை 51-ல் இருந்தது! இறக்கி வைத்துவிட்டு, புளோக் படிக்கட்டில் இரண்டு நாள், நேற்று ரயில் காரிடாரில் 15 கி.மீ. பை இப்போது 10.6 கிலோ. விரல் மரக்கவே இல்லை. இடுப்பெலும்பில் மட்டும் லேசான வலி. குதிகாலில் டேப் ஒட்டியிருந்தேன், தப்பித்தது. முதல் இரவு டிரிம்மன் என்று மாற்றிவிட்டோம்.

ஏர்கான் சோதனையில் தங்கை பாதி இரவில் எழுந்து போர்வைக்குள் போய்விட்டாள். அவளுக்கு வேறு தூக்கப் பை தேட வேண்டும்.

ஒரே கேள்வி பாக்கி: தொக்கு.

பழைய சார்ஜன்ட்

இடுப்பு வலி பழகப் பழகக் குறையும். தொக்கை பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி எடுத்துப் போங்கள், மூடியைச் சுற்றி டேப் போட்டு.