சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு சிஎஸ்ஆர் நிதி: 12ஏ மட்டும் போதுமா?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பகல்நேர மையம். பதிவான அறக்கட்டளை, 4 வருடம் ஆகிறது. சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) கேட்டால், கம்பெனிகள் சிஎஸ்ஆர்-1 எண் (அந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கான பதிவு எண்) கேட்கிறார்கள். கையில் 12ஏ (அறக்கட்டளைக்கான வருமானவரி விலக்குப் பதிவு) மட்டும்தான்.

பதில் 1: போதாது, 80ஜியும் (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) வேண்டும். அதன்பின் எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம். அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பம், தொழில்புரியும் பட்டயக் கணக்காளர் (சிஏ), கம்பெனிச் செயலர் அல்லது செலவுக் கணக்காளர் ஒருவரின் சான்று இரண்டும் கட்டாயம். பான் அட்டைப் பெயர் அறக்கட்டளைப் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான்.

பதில் 2: 3 வருட அனுபவம் இதே மாதிரிப் பணியில் இருக்க வேண்டும். தணிக்கைக் கணக்கில் "சேவைச் செலவு" என்று ஒரே வரி போட்டிருந்தால் எதைக் காட்டுவீர்கள்? தெரபி, வேன், சம்பளம் தனித்தனியாக வரட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பதிவுச் சான்றையும் இணைத்துக் கொடுங்கள்.

பதில் 3: இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர் செலவில் நிர்வாகச் செலவு 5%-ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பு கம்பெனியின் சொந்தச் செலவுக்கு, உங்களுக்கல்ல. சிறப்பாசிரியர் சம்பளம் திட்டச் செலவுதான், பயந்து குறைக்காதீர்கள்.