கப்பல் கேபினில் சாப்பிட்டு முடித்த தட்டுகளை எங்கே வைப்பது?

நீலாம்பல் கேட்கிறார்:

சென்ற ஆகஸ்டில் என் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் சென்றிருந்தோம். பனிப்பாறைகளுக்கு அருகே கப்பல் ஊர்ந்து செல்லும் காலையில் பால்கனியில் அமர்ந்தபடியே சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காக முந்தைய இரவே கதவுக் கைப்பிடியில் மாட்டும் அட்டையில் காலை உணவைக் குறித்து வைத்துவிட்டோம். சொன்ன நேரத்துக்கு உணவு வந்தது. சிக்கல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொடங்கியது.

கரையிலுள்ள ஹோட்டல்களில் செய்வதுபோல ட்ரேயைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிடலாம் என்றார் என் கணவர். எச்சில் தட்டை வாசலில் வைப்பதா, போகிறவர் வருகிறவர் எல்லாம் நாம் தின்ற மிச்சத்தைப் பார்க்க வேண்டுமா என்று அப்பா தடுத்தார். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா தட்டுகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மிச்சம் மீதியைக் கழிப்பறைக்குள் தட்டிவிட்டு, கைகழுவும் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மேசைமேல் அடுக்கியே விட்டார். எச்சில் பாத்திரத்தை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வராது.

அடுத்த நாள் கணவரின் பேச்சு எடுபட்டது. காலை எட்டரைக்கு ட்ரேயை வெளியே வைத்துவிட்டு ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பினால், அது வைத்த இடத்திலேயே இருந்தது. அதோடு, எங்களுடையது அல்லாத இரண்டு காப்பிக் கோப்பைகளும், நசுக்கிய பீர் டப்பா ஒன்றும், கசங்கிய டிஷ்யூ தாள்களும் அதன்மேல் சேர்ந்திருந்தன. எதிர் கேபின் மூதாட்டி எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

வரும் ஜூன் மாதம் மாமனார், மாமியாரையும் சேர்த்துக்கொண்டு எட்டுப் பேர் மூன்று கேபின்களில் மீண்டும் போகிறோம். வெளியே வைப்பதா, உள்ளேயே விட்டுவிடுவதா, தொலைபேசியில் அழைப்பதா? அறையைச் சுத்தம் செய்யும் கேபின் ஸ்டூவர்டிடம் எடுத்துப்போகச் சொன்னால் அவருடைய வேலையில்லாத ஒன்றை அவர்மீது சுமத்துவதாகுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். இத்தகைய கப்பல்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முதல் மூன்று ஆண்டுகள் ரூம் சர்வீஸில் ட்ரே சுமந்தேன். மீதி ஆறு ஆண்டுகள் கேபின் ஸ்டூவர்ட். எனவே இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

உங்கள் ட்ரே நாள் முழுவதும் கிடந்ததற்குக் காரணம் சோம்பல் அன்று. ரூம் சர்வீஸ் என்பது உணவுப் பிரிவைச் சேர்ந்தது. கேபின் ஸ்டூவர்ட் அறைப் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டுக்கும் மேலாளர் வேறு, நேர அட்டவணை வேறு, ஊழியர்களுக்கான லிஃப்டில் நிற்கும் வரிசைகூட வேறு. யாரும் அழைக்காமல் நடைபாதையில் வைக்கப்பட்ட ட்ரே இருக்கிறது என்பதே சமையலறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஸ்டூவர்டோ இருபது கேபின்களைக் கையில் வைத்துக்கொண்டு, பயணிகள் கரைக்குப் போன சில மணி நேரத்துக்குள் அத்தனை படுக்கைகளையும் மாற்றியாக வேண்டியவர். அவருடைய வண்டியில் துவைத்த விரிப்புகள் இருக்கும். அதே வண்டியில் எச்சில் பாத்திரத்தை ஏற்ற முடியாது. கையில் தூக்கிக்கொண்டு தனியாக ஒரு நடை போக வேண்டும். நடைபாதை சுத்தமாக இல்லாவிட்டால் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குவது அவர்தான் என்பதால் பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். துறைமுக நாட்களில் அதற்கும் நேரம் கிடைக்காது.

ஆகவே முறை இதுதான். சாப்பிட்டு முடித்ததும் கேபின் தொலைபேசியில் ரூம் சர்வீஸை அழைத்து, பாத்திரங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். கொண்டுவந்து கொடுத்தவரின் பிரிவே வந்து எடுத்துப்போகும். வெளியே கிளம்பும் அவசரமாக இருந்தால் ட்ரேயை மேசைமேல் மூடி போட்டு வைத்துவிட்டுப் போங்கள். அறையைச் சுத்தம் செய்ய வரும் ஸ்டூவர்ட் அதைப் பார்த்துத் தக்க இடத்துக்குச் சேர்ப்பார். அது அவர்மீது சுமத்தும் வேலை ஆகாது. அறைக்குள் இருப்பதை ஒழுங்கு செய்வது அவர் வேலைதான். வெளியே வைக்கும்படி வெளிப்படையாகவே சொல்லும் கப்பல்களும் உண்டு. அங்கே அப்படியே செய்யலாம். முதல் நாள் ஸ்டூவர்ட் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வரும்போது, இந்தக் கப்பலில் என்ன வழக்கம் என்று கேட்டுவிட்டால் ஏழு நாளும் குழப்பமில்லை.

நடைபாதையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் நடைபாதையைப் போலக் கம்பளம் விரித்து, படங்கள் மாட்டி அழகாக இருந்தாலும், கப்பலில் அது ஆபத்து நேரத்தில் தப்பிக்கும் வழி. சோலாஸ் என்னும் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, பயணிகள் கப்பலின் தப்பிக்கும் வழிகளில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் வழிகாட்டும் விளக்குகளோ ஒளிரும் பட்டைகளோ இருக்க வேண்டும். தீப்பிடித்தால் புகை மேலே திரண்டு, கூரை விளக்குகள் தெரியாமல் போகும். அப்போது மக்கள் குனிந்தும் தவழ்ந்தும் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நீங்கள் வைக்கும் ட்ரே சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

உங்கள் தாயாரின் மனம் பெரிது. ஆனால் அவரிடம் பக்குவமாக இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். கப்பலின் கழிப்பறைகள் காற்றை உறிஞ்சி இழுக்கும் வகையைச் சேர்ந்தவை. ஒரு குழாய்த் தொகுப்பில் பல கேபின்கள் இணைந்திருக்கும். சோறோ எலும்போ காய்த்துண்டோ போய் அடைத்துக்கொண்டால் அந்த வரிசையில் உள்ள எல்லாருக்கும் கழிப்பறை நின்றுபோகும். அடுத்தது, கழுவித் துடைத்து அடுக்கிய தட்டு பார்ப்பதற்குப் புதிதுபோலவே இருக்கும். அவசரத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்தாத தட்டு என்று எண்ணி மீண்டும் அடுக்கிவிட்டால், வெதுவெதுப்பான நீரில் கழுவிய அந்தத் தட்டில் இன்னொருவர் சாப்பிடுவார். சமையலறையின் பெரிய இயந்திரங்களில் கடைசி அலசலுக்கு 82 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பயன்படுகிறது; அந்த வேலையைக் கைகழுவும் தொட்டி செய்யாது. எச்சிலை எச்சிலாகவே கொடுப்பதுதான் அங்கே நாம் செய்யக்கூடிய உதவி.

தென்றல்77 எழுதுகிறார்:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. முன்பெல்லாம் டிக்கெட் விலையிலேயே அடங்கியிருந்த ரூம் சர்வீஸுக்கு இப்போது பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. ராயல் கரீபியன் 2017-இல், எளிய காலை உணவைத் தவிர மற்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் 7.95 டாலர் வாங்கத் தொடங்கியது. அதற்கு மேல் நாள்தோறும் ஆளுக்கு இத்தனை டாலர் என்று சேவைக் கட்டணமும் கணக்கில் ஏறுகிறது. இவ்வளவும் கொடுத்த பிறகு, பாத்திரத்தை எடுத்துப்போகச் சொல்லித் தொலைபேசியில் காத்திருக்க வேண்டியது பயணியின் கடமையா? அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் சுற்றிவந்து எடுக்கும்படி நிறுவனம் ஏற்பாடு செய்யட்டும். கேபின் ஏற்கெனவே பெட்டி வைக்க இடமில்லாத அளவுக்குச் சின்னது. மீன் வாடையோடு ட்ரேயை உள்ளே வைத்துக்கொண்டு உறங்க என்னால் முடியாது.

பொன்னித்துறை எழுதுகிறார்:

தென்றல்77 அவர்களின் கோபம் நிறுவனத்தின் மீது. ஆனால் அந்த ட்ரேயைத் தாண்டிப் போக வேண்டியவர் நிறுவனத்தின் தலைவர் அல்லர். என் அண்ணன் சக்கர நாற்காலியில் வருபவர். கேபின் நடைபாதை எவ்வளவு குறுகல் என்பது, எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பி ஒதுங்கிய எல்லாருக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு ஒரு பக்கம் ஸ்டூவர்டின் வண்டி நிற்கும். அது தவிர்க்க முடியாதது. கேட்டவுடன் நகர்த்தியும் விடுவார்கள். ஆனால் மறுபக்கம் தரையில் ஒரு ட்ரே இருந்தால் அண்ணனால் குனிந்து எடுத்து ஒதுக்க முடியாது, சக்கரத்தால் தள்ளிக்கொண்டும் போக முடியாது. ஒருமுறை நான் லிஃப்டைப் பிடித்து வைக்க முன்னே ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு கேபின்களுக்கு இடையே யாராவது வருவார்களா என்று அவர் காத்திருந்தார். ட்ரேயில் இருந்தது பாதி தின்ற கேக் துண்டும் ஒரு வைன் கிளாஸும்தான்.

கப்பல் ஆடும் இரவுகளில் அந்தக் கிளாஸ் உருண்டு உடைந்தால் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளின் கதி என்ன என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடைசி இரவு இன்னும் மோசம். இறங்குவதற்கு முன்பு பெட்டிகளை எல்லாம் அடையாள அட்டை கட்டி இரவே வெளியே வைக்கச் சொல்வார்கள். இருபுறமும் பெட்டிகள் வரிசையாக நிற்கும் அந்த இரவில் ட்ரேக்களும் சேர்ந்துகொண்டால் சக்கர நாற்காலியில் இருப்பவர் விடியும்வரை அறைக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். வாடை தாங்கவில்லை என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்; அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேப்பமரத்தடி எழுதுகிறார்:

மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. நீலாம்பலின் ட்ரேமேல் யாரோ பயன்படுத்திய டிஷ்யூவும் கோப்பையும் சேர்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரப்பும் நோரோவைரஸ் மிகச் சிறிய அளவிலேயே தொற்றக்கூடியது. ஆல்கஹால் கலந்த கைத்திரவத்துக்கு அது எளிதில் மசியாது, சோப்பும் நீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 100 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது. 86-க்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு வயிற்று நோய் கண்டால் அதைப் பொதுமக்களுக்கும் வெளியிடுகிறார்கள்.

உங்கள் கேபினில் யாருக்காவது வயிறு கெட்டால் அந்தத் தட்டை வெளியே வைக்கவே வேண்டாம், ஸ்டூவர்ட் தாமாக எடுப்பார் என்றும் விட வேண்டாம். மருத்துவப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கொடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால், கையுறை இல்லாமல் அந்தத் தட்டைத் தூக்குபவருக்குத்தான் கேடு.

நீலாம்பல் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. கடலோடி அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கழிப்பறைச் செய்தியைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. பாவம், இத்தனை மாதம் கழித்து எத்தனை கேபின்களுக்குத் தொல்லை கொடுத்தோமோ என்று இப்போது கவலைப்படுகிறார். கழுவுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அப்படியே அலங்கோலமாகக் கொடுக்கவும் மாட்டாராம். மிச்சத்தையெல்லாம் ஒரே தட்டில் வழித்து, சிறு பிளாஸ்டிக் டப்பாக்களையும் டிஷ்யூவையும் அதன்மேல் போட்டு மூடிக் கொடுக்கலாமா என்று கேட்கச் சொன்னார். பால்கனியில் சாப்பிட்டால் தட்டுகளைச் சற்று நேரம் அங்கேயே வைத்திருக்கலாமா என்பது அப்பாவின் கேள்வி.

கடலோடி எழுதுகிறார்:

அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று அடைத்திருந்தால் உங்கள் கழிப்பறையே முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

மிச்சத்தை ஒரு தட்டில் வழிப்பது நல்லதுதான். ஆனால் ஜாம் டப்பா, வெண்ணெய் உறை, உறிஞ்சுகுழல் ஆகியவற்றை உணவோடு கலக்க வேண்டாம். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப்படி பிளாஸ்டிக் எதையும் கடலில் போடவே கூடாது. உணவுக் கழிவை மட்டும், 25 மில்லிமீட்டர் சல்லடைக்குள் புகும் அளவுக்கு அரைத்து, கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். சில கடற்பகுதிகளில் விதி இன்னும் கடுமை. அதனால் கப்பலின் கீழ்த்தளத்தில் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு தட்டையும் பார்த்து, உறைகளைக் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. கார்னிவல் என்னும் கப்பல் நிறுவனம் 2019-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 2 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டபோது, பஹாமாஸ் கடற்பகுதியில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் கலந்து விட்டது அதன் குற்றங்களுள் ஒன்றாக இருந்தது. அம்மா வெண்ணெய்த் தாளைத் தனியே ஒரு கோப்பைக்குள் போட்டால், முகம் தெரியாத அந்த ஊழியருக்கு அரை நிமிடம் மிச்சம்.

பால்கனியில் சாப்பிடலாம், ஆனால் எழுந்தவுடன் தட்டுகளையும் கையோடு உள்ளே எடுத்துவிடச் சொல்லுங்கள். கப்பல் வேகமெடுத்தால் துடைப்புத் துணியும் தாளும் நொடியில் கடலுக்குப் பறந்துவிடும். துறைமுகத்தில் நின்றாலோ கடற்காகங்கள் வந்துவிடும். உள்ளே கொண்டுவந்ததும் கனமான தட்டு அடியில், கிண்ணங்கள் மேலே என்று அடுக்கி, கிளாஸ்களை மட்டும் அடுக்காமல் ட்ரேயின் மூலையில் நிற்க வையுங்கள். கத்தியின் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வந்து எடுப்பவர் ஒரு கையில் ட்ரேயைத் தோளுயரத்துக்கு ஏந்தி, மறு கையால் கதவைத் திறப்பார்.