தோள் வாங்கித் தரும் நேரம்: கிரீன் பே அணியின் மூன்று குவாட்டர்பேக்குகளை நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மில்வாக்கியிலிருந்து

அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவாட்டர்பேக்குகளான, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்களான, பிரெட் ஃபார்வ், ஏரன் ராட்ஜர்ஸ், ஜார்டன் லவ் ஆகிய மூவரில் யாருடைய தோளுக்கு வலு அதிகம் என்ற கேள்வி, அந்த அணியின் மாநிலமான விஸ்கான்சினில் அலுவலகத்திலும், வாசலில் பனி அள்ளும்போது பக்கத்து வீட்டுக்காரருடன் நடக்கும் பேச்சிலும் ஓயாமல் எழுகிறது. நான் 1996 முதல் இங்கே வசிக்கிறேன். மூவரும் எறிந்த பந்துகளைப் பயிற்சித் திடலின் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். நான் கண்டதையும் கேட்டதையும் முதலில் எழுதுகிறேன். நேரில் பார்த்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டுகிறேன்.

எவ்வளவு தூரம் எறிகிறார் என்பதை வைத்தே பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பந்து 60 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) காற்றில் பறக்கும் எறி ஒரு பருவத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வரும். தோளை வாரந்தோறும் சோதிப்பது வேறோர் எறி. ஆட்டக்களத்தின் அகலம் 160 அடி. பந்து களத்தின் இடப்புறக் குறுங்கோட்டில் (பந்தை வைக்கும் இடத்தைக் காட்டும் சிறு கோடு) வைக்கப்பட்டிருக்கும்போது, வலப்பக்கக் கோட்டின் ஓரத்தில் 12 யார்டு முன்னே சென்று திரும்பும் ரிசீவருக்கு, அதாவது பந்தைப் பிடிப்பவருக்கு, எறிய வேண்டும் என்றால், ஏட்டில் 12 யார்டு என்று பதிவாகும் அந்தப் பந்து உண்மையில் ஏறக்குறைய 35 யார்டு பறக்கிறது. ஏனெனில் குறுக்கே கடக்க வேண்டியதே 30 யார்டுக்குச் சற்றுக் குறைவு, குவாட்டர்பேக் பின்வாங்கி நிற்கும் ஏழு யார்டும் அதோடு சேர்கிறது. மணிக்கு 55 மைல் வேகத்தில் போகும் பந்துக்கும் 50 மைல் வேகத்தில் போகும் பந்துக்கும் அந்தத் தூரத்தில் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இராது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் முழு வேகத்தில் ஓடிவரும் எதிரணிக் காப்பாளர் அந்த நேரத்துக்குள் ஒரு யார்டைக் கடந்துவிடுவார். அதாவது, நீட்டிய கை பந்தைத் தொடுமா தொடாதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு.

ஆகவே தோள்வலிமை என்பதைத் தாமதிப்பதற்குக் கிடைக்கும் உரிமை என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். வலுவுள்ளவர் இன்னும் சற்றுப் பொறுத்து, ரிசீவர் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு எறியலாம். வலுவில்லாதவர் அவர் திரும்புவார் என்று நம்பி முன்கூட்டியே எறிந்தாக வேண்டும்.

2006 ஆகஸ்டில் ஒரு காலைப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அணியின் லாம்போ மைதானத்திலிருந்து வீரர்கள் ஊர்ச் சிறுவர்களின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு வருவது அங்கே நெடுநாள் வழக்கம். வீரரின் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு சைக்கிளுக்குச் சொந்தக்காரச் சிறுவன் பக்கத்திலேயே ஓடிவருவான். ஃபார்வுக்கு அப்போது 36 வயது. மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்று, 1997 ஜனவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்றவர். ராட்ஜர்ஸுக்கு 22 வயது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2005-இல் 24-ஆவது தேர்வாக வந்து, முறைக்காகக் காத்திருந்தவர். ஒரே காலையில், ஒரே காற்றில், ஒரே தூரத்துக்கு இருவரும் எறிவதைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மூன்று கோடைகளில் மட்டுமே கிடைத்தது என்பதை நினைக்கும்போது, இன்னும் பலமுறை போயிருக்க வேண்டும் என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

வேலியோரத்தில் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஓசைதான். ஃபார்வ் எறிந்த பந்து ரிசீவரின் கையில் விழும்போது, ஈரத் துணியைத் துவைகல்லில் ஓங்கி அடித்ததைப் போன்ற ஒலி கேட்டது. அதுவும் என் கண் எதிர்பார்த்ததைவிடச் சற்று முன்னதாகவே கேட்டது. பந்து தரைக்கு இணையாக, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல் போனது. முன்காலை நீட்டி ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடம்பு முழுவதையும் பந்தின் பின்னால் அனுப்புபவர் அவர். எறிந்து முடித்ததும் வலக்கால் தரையைவிட்டு எழுந்துவிடும். அவருடைய பந்தைப் பிடித்து விரல் பிசகிய ரிசீவர்களைப் பற்றிய கதைகள் இந்த ஊரில் ஏராளம். அன்று அருகில் நின்று பார்த்தபோது ஓர் இளம் ரிசீவர் பந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ராட்ஜர்ஸின் பந்தில் அந்த ஓசையே இல்லை. முதலில் வேகம் குறைவோ என்றுதான் நினைத்தேன். பிறகு கவனித்தால், பந்து அதே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ரிசீவர் அதை விரல் நுனிகளால் ஏந்திக்கொண்டார். பம்பரம் விடும்போது கடைசி நொடியில் சாட்டையைச் சுண்டி இழுப்போமே, அந்தச் சுண்டல் அவருடைய மணிக்கட்டில் இருந்தது. தோள் பெரிதாக அசைந்ததாகவே தெரியவில்லை. பந்து தலை ஆட்டாமல் சுழன்று போனதால், பிடிப்பவரின் விரல்களுக்கு அது எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிட்டது. கல்லூரியில் பந்தைக் காதோரம் உயரமாகத் தூக்கிப் பிடித்து எறிந்துகொண்டிருந்த அவர், காத்திருந்த அந்த ஆண்டுகளில் அதைக் கீழிறக்கி, தம்முடைய எறிமுறையையே மாற்றிக்கொண்டார். நான் பார்த்தது அந்த மாற்றத்தின் நடுப்பகுதியை என்று பின்னாளில்தான் புரிந்தது.

2008 ஜனவரி 20 அன்று லாம்போவில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடனான ஆட்டத்திலும் அரங்கில் இருந்தேன். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஆட்டம் சமநிலையாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. பக்கக்கோட்டை நோக்கி ரிசீவர் டொனால்ட் டிரைவருக்கு ஃபார்வ் எறிந்த பந்து வெளிப்பக்கம் போதிய அளவு போகாமல், எதிரணிக் காப்பாளர் கோரி வெப்ஸ்டரின் கையில் விழுந்தது. கிரீன் பே அணிக்காக ஃபார்வ் எறிந்த கடைசிப் பந்து அதுதான். முன்பு நான் கணக்குப் போட்டுக் காட்டியதும் இந்த வகை எறிதான்; 16 ஆண்டுகளாக அவருக்கு நேரத்தை வாங்கித் தந்த அதே எறி. அந்தக் குளிரில் பந்து கல்லாக இறுகி விரலுக்குப் பிடி கொடுக்காது என்பதை, கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போய் நின்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் இரண்டு அடி வெளியே எறிந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் ஓயவில்லை.

டெட்ராய்ட் புறநகரிலிருந்து

ஐயா, நீங்கள் தூரத்தைக் காட்சிப்பொருள் போல ஒதுக்கிவிட்டீர்கள். பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் 2015 டிசம்பர் 3 அன்று டெட்ராய்டின் ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் இருந்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நானும் என் கணவரும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆதரவாளர்கள். கிரீன் பேயை எதிர்த்து எங்கள் அணி 20-0 என்று முன்னிலை பெற்றிருந்த ஆட்டம் அது. கடைசியில் 23-21 என்று இருந்தபோது நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து நின்று மேலங்கியை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். ராட்ஜர்ஸின் தலைக்கவச முகக்கம்பியைப் பிடித்ததாக எங்கள் வீரர்மீது தண்டனை விதிக்கப்பட்டு, கிரீன் பேக்குக் கடிகாரம் ஓடாத ஒரு முயற்சி கூடுதலாகக் கிடைத்தது. ராட்ஜர்ஸ் பின்வாங்கினார், வலப்பக்கம் ஓடினார், ஒரு காலெடுத்து வைத்து எறிந்தார்.

பந்து மேலே போன உயரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களால் உணர முடியாது. கூரையின் உத்திரங்களில் பட்டுவிடும் என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாக அண்ணாந்தன. ஏட்டில் அது 61 யார்டு டச்டவுன், அதாவது எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளி. அவர் நின்ற இடத்திலிருந்து அளந்தால் 65 யார்டைத் தாண்டும். அத்தனை தூரத்தைத் தட்டையாக எறிந்தாலே பெரிது. அவர் அதைச் செங்குத்தாக ஏற்றி எறிந்தார், அதற்கு இன்னும் அதிக வேகம் தேவை. அந்த உயரம் வீம்புக்கு வந்ததல்ல. பந்து மேலிருந்து நேராக இறங்கியபோது எங்கள் வீரர்கள் எல்லோரும் அது பின்னால் விழும் என்று கணித்துக் கோட்டுக்கு உள்ளே தள்ளி நின்றிருந்தார்கள். கிரீன் பேயின் இன்னொரு ராட்ஜர்ஸான ரிச்சர்ட் அவர்களுக்கு முன்னால் தனியாக எழும்பிப் பிடித்துவிட்டார். தாமதிக்கும் உரிமை என்று நீங்கள் சொன்னீர்கள். அன்று பந்து காற்றில் நின்ற அந்த நேரம், களத்தின் பாதியை ஓடிக் கடந்த ரிசீவர்கள் கூடி நிற்பதற்கும் போதுமானதாக இருந்தது. தோள் வாங்கித் தந்த நேரம்தான் அதுவும்.

அரங்கிலிருந்து வண்டி நிறுத்துமிடம்வரை யாரும் பேசவில்லை. தோற்ற அணியின் பக்கம் நின்று பார்த்ததால்தான் அந்த எறியை அவ்வளவு தெளிவாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று நம்புகிறேன்.

டாலஸிலிருந்து

டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் ஆர்லிங்டன் அரங்கில் ராட்ஜர்ஸ், லவ் இருவரையும் பார்த்தவன் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். 2017 ஜனவரி 15 அன்று, எங்கள் அணியும் கிரீன் பேயும் 31-31 என்ற நிலையில், கிரீன் பேயின் மூன்றாவது முயற்சி, கடக்க வேண்டியது 20 யார்டு. ராட்ஜர்ஸ் இடப்பக்கமாக ஓடினார். வலக்கைக்காரர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே எறிவது, பவுண்டரிக் கோட்டோரம் ஓடும் ஃபீல்டர் நிற்காமல், திரும்பாமல் கீப்பருக்கு எறிவதைப் போன்றது. இடுப்பின் உதவி கிடைக்காது, மார்பும் மணிக்கட்டும்தான் வேலை செய்ய வேண்டும். 36 யார்டு தள்ளி, அவருடைய அணியின் ஜாரெட் குக்கின் கால்விரல்கள் கோட்டுக்குள் இருக்கப் பந்து அவர் கைக்கு வந்தபோது மூன்று நொடி மீதம் இருந்தது. கிரீன் பேயின் மேசன் கிராஸ்பி 51 யார்டிலிருந்து கோல்கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஆட்டத்தை வென்று முடித்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 14 அன்று, அதே அரங்கில் லவ். 21 எறிகளில் 16 சேர்ந்தன, 272 யார்டு, மூன்று டச்டவுன். 48-32 என்று எங்கள் அணி வீழ்ந்தது. அவரைத் துரத்தி வருபவர்கள் நெருங்கும்போது, பின்னங்காலில் சாய்ந்தபடியே பந்தை விட்டார். பயிற்சியாளர்கள் செய்யாதே என்று சொல்லும் செயல் அது. எனினும் பந்து தளராமல் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர் ராட்ஜர்ஸைவிட ஃபார்வுக்கே நெருங்கியவர் என்று எனக்குப் பட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மீண்டும் மில்வாக்கியிலிருந்து

டெட்ராய்ட் சகோதரி எழுதியதைப் படித்தபின் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். உயரமும் நேரம்தான், அதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

டாலஸ் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். லவ் 2020-இல் 26-ஆவது தேர்வாக வந்தவர். ராட்ஜர்ஸ் காத்திருந்ததைப் போலவே அவரும் மூன்று பருவங்கள் காத்திருந்து, 2023-இல்தான் பொறுப்பேற்றார். 2022 கோடையில் இருவரையும் ஒரே திடலில் பார்த்தேன். லவ்வின் கை தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். எறியப் போகிறார் என்பதை முகமோ தோளோ காட்டிக்கொடுக்காது. பந்து கிளம்பிய பிறகுதான் எறிந்துவிட்டார் என்று தெரியும். ஓசையில் அது ஃபார்வுக்கும் ராட்ஜர்ஸுக்கும் இடைப்பட்டது. வெறும் வேகத்தில் இவரை மூன்றாவதாகவே வைப்பேன். ஆனால் கால் நிலைகொள்ளாதபோது ஒருவருடைய வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், லவ்விடம் அந்தக் குறைவு மிகச் சிறிது. நண்பர் பார்த்தது சரியென்றே சொல்வேன்.

அதே பண்பு அடுத்த வாரமே அவரைக் கைவிட்டது. 2024 ஜனவரி 20, சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் 24-21 என்று முன்னிலையில் இருக்க, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், லவ் வலப்பக்கம் ஓடியபடி உடம்புக்குக் குறுக்கே களத்தின் நடுப்பகுதிக்குப் பந்தைத் திருப்பி எறிந்தார். எதிரணியின் டிரே கிரீன்லா அதைப் பறித்துக்கொண்டார். ஃபார்வ் கிரீன் பே அணிக்காக எறிந்த கடைசிப் பந்து போய்ச் சரியாக 16 ஆண்டுகள் ஆகியிருந்த நாள். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த என் மகன், பந்து லவ்வின் கையைவிட்டுக் கிளம்பிய கணத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 2008-இல் அவனுக்கு ஆறு வயது. வீட்டில் விழித்திருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்து அழுதவன். தாமதித்தாலும் பந்து போய்ச் சேர்ந்துவிடும் என்று பல ஆண்டுகளாகத் தோள் கொடுத்த நம்பிக்கையில்தான் இருவரும் அந்த எறிக்குத் துணிந்தார்கள். பலவீனமான தோள் உள்ளவர் அதை எறிந்தே இருக்கமாட்டார்.

எனக்கு மீதமிருக்கும் ஐயம் குளிரைப் பற்றியது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே, எதிர்க்காற்றில், லவ் பக்கக்கோட்டு எறியை எறிந்து நான் நேரில் பார்த்ததில்லை. லாம்போவின் கோல்கம்பங்களுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் அப்படி ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் இருந்தால், பந்தின் மூக்கு கடைசிப் பத்து யார்டில் இறங்கியதா, நிமிர்ந்தே வந்ததா என்பதை மட்டுமாவது எழுதுங்கள்.