ஜூன் மழையில் கியோட்டோ பாசித் தோட்டங்கள்: ட்ரைபாட் இல்லாமல் எப்படி?

பயணப்பை:
ஜூன் இரண்டாம் வாரம் கியோட்டோவில் நான்கு நாள். சைஹோஜி, கியோஜி பாசித் தோட்டங்களும் ரியோஆன்ஜி கல் தோட்டமும்தான் முக்கியம். ஃபுல் ஃபிரேம் கேமரா, கைநடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ளேயே உண்டு. லென்ஸ் 24-70, 70-200. ட்ரைபாட் (முக்காலி) தூக்கி வரலாமா? மரநிழலில் பாசி எடுத்தால் பச்சை மங்கி லேசாக ஊதா ஏறுகிறது. வெள்ளை மணலோ சாம்பலாகிவிடுகிறது. இவற்றுக்கு என்ன வழி?

ஈரக்கல்:
ட்ரைபாடை விட்டுவிட்டு வாருங்கள். கியோட்டோ கோயில்களில் பெரும்பாலும் அனுமதியில்லை, ஒற்றைக்கால் மோனோபாடும் அப்படியே. அதன் காலைத் தரையில் ஊன்றினால் பாசி பெயர்ந்துவிடும், திரும்ப வளர ஆண்டுகள் பிடிக்கும். பழைய மரத் திண்ணையில் தடம் விழும். பாதைகளும் ஒடுக்கம்.

கையில் பிடித்தே எடுக்கலாம். 24 மி.மீ., லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டர் முதல் கடைசி மரம் வரை தெளிவு கிடைக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு, 1/15 நொடியில் நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஒன்றாவது கூர்மையாக விழும். பாசி அசையாது, மேப்பிள் இலை அசையும். கிளை ஃபிரேமுக்குள் வந்தால் 1/125 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 ஆனாலும் பரவாயில்லை. இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், ஆடிய இலையை ஒன்றும் செய்ய முடியாது.

சைஹோஜிக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது, அதை முதலில் முடியுங்கள்.

பச்சைநிழல்:
ஊதா ஏறுவது ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை. ஃபிரேம் முழுக்கப் பச்சையாக இருந்தால் கேமரா அதை ஒளியின் நிறக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எதிர் நிறத்தைச் சேர்க்கிறது. ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்தி, ராவில் (RAW, பின்னர் நிறத்தைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு) எடுங்கள்.

பிரதிபலிப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். நனைந்த இலையும் பாசியும் வானத்தை வெள்ளையாகப் பிரதிபலிக்கும், அந்தப் பூச்சை எடுத்தால்தான் உள்ளே இருக்கும் பச்சை தெரியும். ஆனால் முழுக்கத் திருப்பாதீர்கள். மினுமினுப்பு கொஞ்சமும் இல்லாவிட்டால் மழை பெய்த சுவடே படத்தில் இருக்காது. பாதி வெட்டினால் போதும். ஒன்றரை ஸ்டாப் ஒளி போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), 1/30 கிட்டத்தட்ட 1/10 ஆகிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். குளத்து நீரில் மரங்களின் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றிவிடுவதே நல்லது.

மணற்கோடு:
ரியோஆன்ஜி பற்றி. கேமராவின் ஒளி மீட்டர் எந்த வெள்ளையையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். காய்ந்த மணல் ஃபிரேமில் பாதிக்கு மேல் இருந்தால் எக்ஸ்போஷரை +1 ஸ்டாப் கூட்டுங்கள். மழையில் நனைந்த மணல் தானாகவே கறுத்துவிடும், +1/3 போதும். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடம்) வலது சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்தால் தெற்கே பார்ப்பீர்கள். ஜூனில் காலை 8 மணிக்குத் திறக்கும்போது வெயில் கிழக்கிலிருந்து, அதாவது இடப்பக்கத்திலிருந்து வரும். மணலில் வாரிய கோடுகளின் மேடுபள்ளம் அப்போதுதான் நிழலோடு தெரியும். நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில் நிற்கும், கோடுகள் தட்டையாகிவிடும். ஆகவே பாசிக்கு மழை நாள், மணலுக்குத் தெளிந்த காலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து கல்லையும் ஒரே படத்தில் அடக்க முயலாதீர்கள். திண்ணையில் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றாவது மறையும்படிதான் அமைப்பு. மிக அகன்ற கோண (அல்ட்ரா வைடு) லென்ஸ் போட்டால் முன்மணல் நீண்டு, கற்கள் கூழாங்கல்லாகச் சுருங்கும். கற்கள் ஐந்து கூட்டமாக நிற்கின்றன. 70-200ஐக் கொண்டு ஒரு கூட்டத்தையும் அதைச் சுற்றிய பாசி வளையத்தையும் பின்னால் மண்சுவரையும் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் அமைதி அந்தப் படத்தில்தான் வரும்.

பயணப்பை:
மிக்க நன்றி. அப்படியானால் 70-200 நிச்சயம் வருகிறது. மழைக்கு வேறு ஏதாவது?

ஈரக்கல்:
ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போகும். கேமராவை ஜிப் பையில் மூடியபடி வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். முன்கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதாது, லென்ஸ் கழற்றும்போது உள்ளேயும் பனிக்கும். அறைக்குள் இருக்கும்போதே லென்ஸைப் பொருத்திவிடுங்கள். தாதாமி (ஜப்பானியப் பாய்) விரித்த அறைகளில் முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது காகிதக் கதவில் இடிக்காது.