பவுண்ஸ்ட் லாண்டிங்குக்குத் தமிழ் என்ன?

கிளிநொச்சி ரீச்சர்:
வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குப் பயிற்சி விமானங்களில நடக்கிற ஒரு விபத்தைப் பற்றிப் பாடம் எழுதிறன். செஸ்னா 152 மாதிரிச் சின்னப் பிளேன், படிக்கிற பெடியன் வேகம் கூட வந்து இறக்க, பின்சில்லு ரெண்டும் தட்டிப் பிளேன் மேல எழும்பும், இவர் பயந்து மூக்கை அமத்த முன்சில்லு குத்தி இன்னும் எழும்பும், கடைசியில முன்சில்லுக் கால் முறிஞ்சு காத்தாடி நிலத்தில அடிபடும். இந்த பவுண்ஸுக்கு ஒரு சொல் தாங்கோ, ஞாயிறு இரவுக்குள்ள வேணும்.

வவுனியா ஐயா:
சொல் எப்பவோ இருக்கு பிள்ளை. நன்னூலில சூத்திர நிலை, எண்டா சூத்திரங்கள் ஒண்டோடொண்டு தொடர்புபடுற விதம், நாலு: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. நல்லா இறக்கினா ஆற்றொழுக்கு, பவுண்ஸ் தவளைப்பாய்த்து, மூக்குக் குத்தினா பருந்தின் வீழ்வு. அரிமாநோக்கு வாத்தியாருக்கு, பக்கத்தில இருந்து முன்னும் பின்னும் பாக்கிறவர் அவர்தானே.

முள்ளியவளைத் தம்பி:
ஐயா, தவளை தானா உன்னிப் பாயிறது. பிளேன் பாயேல்லை, வேகம் மிச்சம் இருக்கிறதால செட்டை இன்னும் தூக்குது, அதான் எழும்புது. குளத்தில ஓட்டுத்துண்டைச் சாய்ச்சு எறிஞ்சா தத்தித் தத்திப் போகுமெல்லோ, அதுதான் இது. 'தத்தல்' எண்டு வையுங்கோ.

வவுனியா ஐயா:
தத்து எண்டா கண்டம் எண்டும் பொருள் இருக்கு. சாதகத்தில எனக்கு நீர்த்தத்து எண்டு சொல்லி அப்பு பத்து வயசுவரைக்கும் குளத்துப்பக்கமே விடேல்லை. பிறகு தத்தெடுக்கிறதும் இருக்கு. பெடியள் சிரிப்பாங்கள்.

மாங்குளத்தான் (இப்ப ரொறன்ரோ):
நான் கொஞ்சக்காலம் பறக்கப் படிச்சனான், அதால சொல்லுறன், ஒரு சொல் காணாது. ஒருக்கா எழும்பினா பவுண்ஸ், திருப்பித் திருப்பி எழும்பிக் குத்தினா போர்பொய்சிங். அதுக்கு ஓங்கிலாட்டம் எண்டு வைக்கலாம், கடல்ல ஓங்கில் (டொல்பின்) எழும்பித் தாழுறதைப் பாத்தவைக்கு விளங்கும். மற்றது ரீச்சர், சொல்லை விட இதை எழுதுங்கோ: சின்னனா எழும்பினா மூக்கை அமத்தாம அப்பிடியே பிடிச்சு இறங்க விடுறது, பெரிசா எழும்பினா முழுப் பவரும் குடுத்து கோ-அரவுண்ட், எண்டா இறக்கிறதை விட்டிட்டுத் திரும்ப மேல ஏறிப் போறது.

கிளிநொச்சி ரீச்சர்:
எழுதிறன் அண்ணை. பெடியளிட்டக் கேட்டன், பவுண்ஸ் எண்டாலே விளங்குதாம், கிரிக்கெட் பாக்கிறவைதானே. 'துள்ளல்' எண்டு போட்டா என்ன?

வவுனியா ஐயா:
துள்ளல் கலிப்பாவின்ர ஓசை. அதைக் கொண்டுபோய் முறிஞ்ச சில்லுக்குக் குடுக்கிறதோ!

முள்ளியவளைத் தம்பி:
கன்றுக்குட்டியும் துள்ளுது ஐயா, அது கலிப்பா படிச்சோ துள்ளுது? சரி, நானும் துள்ளலுக்கே வாறன்.

கிளிநொச்சி ரீச்சர்:
ஞாயிறு பத்தரை ஆகுது. துள்ளலுக்கு நானும் தம்பியும், தவளைக்கு ஐயா மட்டும். துள்ளல் எண்டு போட்டு அடைப்புக்குறிக்குள்ள பவுண்ஸும் போட்டிட்டன், ஓங்கிலாட்டமும் இருக்கு. கோ-அரவுண்டுக்கு 'மீளெழல்' எண்டு பென்சிலால எழுதியிருக்கிறன்.

வவுனியா ஐயா:
அது பிழை. சில்லு நிலத்தில முட்டமுதலே திரும்பப் போறதும் கோ-அரவுண்ட் தானே, இறங்காதது எப்பிடி மீள எழும்பும்? நாளைக்கு விரிவா எழுதிறன். தவளையை நான் விடேல்லை.